நாலாம் நம்பர்

கால்பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்க்கிறார்கள். பந்து இடது பக்கம் உருண்டால் அவர்களுடைய தலைகளும் இடது பக்கம் திரும்பும். பந்து ஆகாயத்தில் எழும்பினால் தலைகளும் எழும்பும். இதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. நாமும் வெகு காலம் அந்தத் தொண்ணூற்றொன்பது பேரில் ஒருவராகத்தான் இருந்து வந்தோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பழைய ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தோம். 1966-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அது. பக்கத்தில் நம் மருமான் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பையன். பள்ளிக்கூடத்தில் பந்து உதைக்கிறவன். ஆகையால் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லாதவன். கால் மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் திடீரென்று கேட்டான்:

"மாமா, வெள்ளைச் சட்டைக்காரர்களில் அந்த நாலாம் நம்பர் யார்? பந்து எங்கே போனாலும் அவன் கவனிப்பதாகவே தெரியவில்லையே! சிவப்புச் சட்டை போட்ட ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்திலேயே நின்று கொண்டிருக்கிறான். ஒன்றுமே செய்யாதவனை எதற்காகச் சேர்த்துக் கொண்டார்கள்?"

நமக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த நாலாம் நம்பர், கால்பந்தாட்டம் கண்ட மகா நிபுணர்களில் ஒருவரான பிரான்ஸ் பெக்கன்பவர். ஆனால் சற்று யோசித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பையன் கேட்டது நியாயமான கேள்விதான். அன்றைத் தினம் ஜெர்மன் கோஷ்டியின் பயிற்சியாளராயிருந்த ஹெல்முட் ஷோனை அந்தக் கேள்வி எட்டு வருஷ காலம் விடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த இளைஞரைப் பற்றி. 1945-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி ம்யூனிக் நகரில் பிறந்தவர். வெம்பிளியில் இறங்கியபோது இருபத்தொரு வயது நிரம்பவில்லை. தேசத்துக்காக முதன் முதலில் ஆடியது 1965-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஸ்வீடனுக்கு எதிராக. அதாவது அப்போதுதான் பத்து மாதத்து அநுபவம். நடு வரிசையில் அவருக்கு இடம். பின் வரிசையார் பறித்துக் கொடுக்கும் பந்தை வாங்கி, முன் வரிசையாரிடம் சேர்க்க வேண்டியது அவர் வேலை. எதிரி வந்தால் வழிமறிப்பதும் அவர் வேலையே. இக்காலத்தில் இந்த இரண்டாவது வேலைக்கென்றே ஓர் ஆளை நிறுத்தி, அவரை 'டிபென்ஸிவ் மிட்பீல்டர்' என்கிறார்கள்.

அந்தப் போட்டிகளில் முதல் வேலையை அவர் எவ்வளவு அழகாகச் செய்தார் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஜூலை 12-ந் தேதி ஸ்விட்ஸர்லாந்துடன் நடந்த முதல் ஆட்டத்தில் ஜெர்மனி 5 கோல் போட்டது. அவற்றில் இரண்டு பெக்கன்பவர் போட்டவை. கால் இறுதி ஆட்டத்தில் உருகுவேக்கு எதிராக ஒன்று. அரை இறுதியில் ரஷ்யர்களுக்கு எதிராக ஒன்று. ஆக நான்கு. நடு வரிசையில் நிற்கும் ஒரு பையனுக்கு இது சாமான்யமான காரியமல்ல. அவர் கோல் போடும் விதமும் தனி. தலையை நிமிர்த்திக் கொண்டு, தம் வீட்டு வாசலில் உலாவுகிறவரைப் போல், அவசரமின்றிப் பந்துடன் நடுமைதானத்தைக் கடந்து செல்வார். எதிரிகள் "யாரிடம் கொடுக்கப் போகிறான்?" என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கு இறுதி ஆட்டத்தில் ஷோன் இட்ட உத்தரவு என்ன? "பாபி சார்ல்டனை விட்டு நகராதே" என்பதுதான்.

ஷோன் ஒன்றும் அசடரல்ல. இங்கிலாந்தின் ஒன்பதாம் நம்பரான சார்ல்டனுக்கு அப்போது வயது 28. 1958-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பெக்கன்பவரின் ஊரான அதே ம்யூனிக்கில் நேர்ந்த ஆகாய விமான விபத்தில், தம்முடன் ஆடிய தோழர்கள் பலரை இழந்து, தாம் உயிர் தப்பியவர் அவர். இரண்டு காலாலும் ஒரே பலத்துடன் அடிக்கக் கூடியவர். இருபத்தைந்து முப்பது கஜ தூரத்திலிருந்து அவர் அடிக்கும் பந்தைக் கோல் காப்பவர் பார்ப்பதற்குள் வலை ஆடும். ஜூலை 26-ந் தேதி அரை இறுதியில் போர்ச்சுகலை இங்கிலாந்து 2-1 கணக்கில் ஜயித்தபோது, அந்த இரண்டையும் போட்டவர் அவரே. அதைப் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். அவரைத் தடுக்க வேகமான கால் வேண்டும். அதை விட வேகமான புத்தி வேண்டும். இரண்டும் உள்ளவர் யார் என்று பார்த்தால், பெக்கன்பவரின் பெயர்தான் முதலில் வந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே சமயத்தில் இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆல்ப் ராம்ஸே, "பெக்கன்பவரைக் கவனித்துக் கொள்" என்று சார்ல்டனிடம் சொல்லி அனுப்பினார். பிற்காலத்தில் இருவருமே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இவருக்குக் காவல்; இவர் அவருக்குக் காவல்! இரண்டு பேரும் மைதானத்தில் இறங்கிப் பார்த்தால், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே புரியாத நிலைமை.

இனி அந்த இளைஞர் தம் வேலையை எப்படிச் செய்தார் என்று பார்ப்போம். பந்தை மறந்துவிட்டு, நாலாம் நம்பரை மாத்திரம் பின்பற்றி அந்தப் படத்தை ஒரு தரம் பார்க்கும்படி நேயர்களுக்குச் சிபாரிசு செய்கிறோம். மிகவும் கஷ்டமான அப்பியாசம். கண்கள் தாமாகவே பந்தின் பின்னால் ஓடும். ஆனால் பிடிவாதமாகப் பார்த்தால் ஒரு புதிய ஆட்டமே புலப்படும்.

ஓர் ஆளைக் காவல் காப்பது என்றால் அவர் மேல் போய் விழுவதல்ல. மிகவும் நெருங்கினால் எதிரி உடம்பை ஒரு திருப்புத் திருப்பிக் கடந்து போய்விடுவார். மிகவும் விலகினால் அவருக்கு அடிக்க இடம் கிடைத்துவிடும். அவருக்கும் நம் கோலுக்கும் நடுவே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். பந்து அவரிடம் வந்த பிறகு ஓடுவதில் பிரயோஜனமில்லை. வருவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலே ஒரு சங்கடம்: சார்ல்டன் முன் வரிசையில் நின்று காத்திருப்பவரல்ல. தம் பக்கத்தில் வெகு தூரம் பின்னால் போய் அங்கிருந்து கிளம்பி வருவார். ஆகவே அவரைக் காக்கிறவரும் தம் இடத்தை விட்டுப் போக வேண்டும். போனால் ஜெர்மனியின் நடுமைதானம் காலி. போகாவிட்டால் சார்ல்டன் சுதந்திர புருஷர்.

பெக்கன்பவர் போனார். சார்ல்டன் நடந்தால் நடந்தார், ஓடினால் ஓடினார். காலை நீட்டி விழுந்து பந்தைப் பறிக்கும் ஆர்ப்பாட்டங்கள் அவரிடம் குறைவு. அவர் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டே, இங்கிலாந்துக்காரர்கள் சார்ல்டனுக்குக் கொடுக்க வேண்டிய பந்தை வேறு பக்கம் திருப்பினார்கள். நம் மருமானுக்கு "ஒன்றுமே செய்யவில்லை" என்று தோன்றியதன் இரகசியம் இதுதான். காவல்காரர் விழித்திருக்கும் வீட்டில் திருடன் நுழைவதில்லை. நுழையாததனால் காவல்காரர் வேலை செய்ததும் யாருக்கும் தெரிவதில்லை.

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றும் வழக்கம் உலகக் கோப்பையில் கிடையாது. களைத்தாலும் வலித்தாலும் பதினொரு பேர்தான். ஆட்டமோ தொண்ணூறு நிமிஷத்தில் முடியாமல் நூற்றிருபது நிமிஷம் நீண்டது. அவ்வளவு நேரமும் இருபது வயதுப் பையன் ஒருவன், உலகத்திலேயே அபாயமான ஆட்டக்காரரைத் தன் கண்ணை விட்டு அகல விடவில்லை. சார்ல்டன் சில தடவை கோலை நோக்கி அடித்தார். வலைக்குள் ஒன்றும் போகவில்லை. இங்கிலாந்து அன்று போட்ட நான்கு கோலில் எதுவும் சார்ல்டனுடைய காலிலிருந்து பிறக்கவில்லை. இட்ட உத்தரவை நிறைவேற்றுவது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்து நான்கு கோல் போட்டது. ஜெர்மனி இரண்டுதான் போட்டது.

அந்த ஆறு கோல்களும் எப்படி வந்தன? பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஜெர்மனியின் ஹாலர் போட்டது, இங்கிலாந்தின் வில்ஸன் தலையால் தவறாகத் தட்டிக் கொடுத்த தானம். பதினெட்டாவது நிமிஷத்தில் இங்கிலாந்தின் காப்டன் மூர் அவசர அவசரமாக அடித்த ப்ரீகிக்கை ஹர்ஸ்ட் தலையால் வலைக்குள் தள்ளினார். எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் ஆலன் பால் அடித்த கார்னரிலிருந்து எழுந்த குழப்பத்தில் பீட்டர்ஸ் ஒன்று போட்டார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் எம்மரிச் அடித்த ப்ரீகிக் பலர் மேல் பட்டு உருண்டு வர, ஜெர்மனியின் வெபர் காலை நீட்டி உள்ளே தள்ளினார், 2-2. அப்புறம் நூற்றொன்றாவது நிமிஷத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கட்டையில் பட்டுத் தரையில் விழுந்தது. அது கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று உலகம் இன்று வரையில் வழக்காடிக் கொண்டிருக்கிறது. லைன்ஸ்மன் தாண்டியது என்றார், ஆகவே தாண்டியது. கடைசி நிமிஷத்தில் ஹர்ஸ்ட் மீண்டும் ஒன்று போட்டு 4-2 என்று முடித்தார்.

ஜெர்மனியின் இரண்டு கோலையும் பாருங்கள். ஒன்று எதிரியின் தவறு. மற்றொன்று கூட்ட நெரிசலில் கிடைத்தது. நடுமைதானத்தில் பந்தை வாங்கி, கோர்வையாகக் கட்டிக் கொண்டு போய்ப் போட்டது ஒன்றுகூட இல்லை. கட்டிக் கொண்டு போகிறவர் எங்கே? அவர் சார்ல்டனுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார்!

இங்கிலாந்தின் பக்கம் என்ன நடந்தது? சார்ல்டனுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வேறு கதவுகளும் இருந்தன. பெயரிலேயே பந்தை வைத்துக் கொண்டிருந்த இருபத்தொரு வயது ஆலன் பால் வலது பக்கத்தில் ஓயாமல் ஓடினார். ஜெர்மனியின் கார்னர் மூலைக்கும் அவருக்கும் ஏதோ பந்துத்துவம் இருப்பதைப் போலிருந்தது. இரண்டாவது கோலுக்கும் மூன்றாவது கோலுக்கும் பந்தைக் கொடுத்தவர் அவரே. முதலுக்கும் நான்காவதுக்கும் கொடுத்தவர் பின் வரிசையிலிருந்த மூர். சார்ல்டனை ஈடாக வைத்து இங்கிலாந்து பெக்கன்பவரை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகும் அதன் பெட்டியில் பணம் மீதி இருந்தது. ஜெர்மனியின் பெட்டியில் மீதி இல்லை.

இன்னொரு விஷயம். இங்கிலாந்திடம் நாபி ஸ்டைல்ஸ் என்று ஒருவர் இருந்தார். காவல் காப்பதே அவர் தொழில். கோல் போடும் ஆசைகள் அவருக்கு இல்லை. அரை இறுதியில் போர்ச்சுகலின் மகா வீரரான யுஸேபியோவைப் பின்தொடர அவரைத்தான் அனுப்பினார்கள். யுஸேபியோவுக்கு ஒரு பெனால்டி தவிர வேறு கோல் கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு அந்த ஆள்! ஜெர்மனியோ, வீணை வாசிக்கிறவரைக் கூப்பிட்டு வாசலில் தடியுடன் நிற்கச் சொல்லிற்று. அவர் நன்றாகவே நின்றார். ஒரு திருடனும் வரவில்லை. ஆனால் உள்ளே கச்சேரி நடக்கவில்லை.

பையனுடைய வேலையில் குற்றம் காண நமக்கு இடமில்லை. கொடுத்த வேலையைச் சரிவரச் செய்தானா என்பது ஒரு கேள்வி. அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தது சரியா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு மார்க்குக் கொடுக்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஷோன். எதிரியின் பலத்தை எண்ணி எண்ணிப் பயந்தவர், தம்முடைய பலம் எது என்பதை ஒரு நாள் மறந்துவிட்டார்.

பெக்கன்பவர் இதற்காக யாரையும் நொந்து கொண்டதாகத் தெரியவில்லை. அன்று சார்ல்டன் தம்மை விட ஒரு பிடி அதிகமாக இருந்ததனாலேயே இங்கிலாந்து ஜயித்தது என்று பிற்காலத்தில் பெருந்தன்மையாகச் சொன்னார். இந்த அபிப்பிராயத்தை மட்டும் நாம் ஒப்புக் கொள்ள மாட்டோம்.

நான்கு வருஷம் கழித்து, 1970-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, மெக்ஸிகோ தேசத்து லெயோன் நகரில், உலகக் கோப்பையின் கால் இறுதியில் இருவரும் மறுபடி எதிர்ப்பட்டார்கள். உச்சி வெயில். இங்கிலாந்து இரண்டு கோல் போட்டு நிம்மதியாயிருந்தது. பிறகு ஜெர்மனி மூன்று போட்டு ஜயித்தது. இந்த ஆட்டத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு: அரை இறுதிக்காக இளைப்பாறட்டும் என்று சார்ல்டனை ராம்ஸே வெளியே அழைத்தாராம், உடனே காவலிலிருந்து விடுபட்ட பெக்கன்பவர் கோல் போட்டாராம். கதை நன்றாக இருக்கிறது. கடியாரம்தான் ஒத்துக் கொள்ள மாட்டேன் என்கிறது. பெக்கன்பவர் கோல் போட்டது அறுபத்தெட்டாவது நிமிஷத்தில். சார்ல்டன் வெளியேறியது எழுபதாவது நிமிஷத்தில். அதாவது, சார்ல்டன் மைதானத்தில் இருக்கும் போதே அந்தக் கோல் விழுந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் கிடைக்காத அநுமதி இந்தத் தடவை கிடைத்திருந்தது. முன்னே போனார், அடித்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு சார்ல்டன் தம் தேசத்துக்காக ஆடவில்லை. அது அவருடைய நூற்றாறாவது ஆட்டம்.

ஷோனுக்கு உண்மையான பரீட்சை 1974-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி வந்தது. இடம் ம்யூனிக். மறுபடியும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மறுபடியும் அவரே பயிற்சியாளர். மறுபடியும் எதிரில் ஒரே ஒருவரைக் கண்டு உலகமே நடுங்கிக் கொண்டிருந்தது. அவர் ஹாலந்தின் யோஹான் க்ரைப். எட்டு வருஷத்துக்கு முந்திய கேள்வித்தாளையே மறுபடி கொண்டு வந்து நீட்டியது போலிருந்தது. க்ரைபை யார் காப்பது?

இந்தத் தடவை ஷோன் பெர்ட்டி போக்ட்ஸ் என்பவரை அழைத்தார். போக்ட்ஸ் உயரமில்லாதவர், நளினமில்லாதவர், பிடித்தால் விடாதவர். ஆரம்பம் சரியாயில்லை. ஜெர்மானியர் ஒருவர் கால் கூடப் பந்தில் படுவதற்கு முன்பே க்ரைப் போக்ட்ஸைத் தாண்டி உள்ளே பாய்ந்து, இன்னொருவரால் தட்டி விழ, ஹாலந்துக்குப் பெனால்டியில் ஒரு கோல் கிடைத்தது. பழைய ஷோனாயிருந்தால் அப்போதே பெக்கன்பவரை அனுப்பியிருக்கக் கூடும். அனுப்பவில்லை. போக்ட்ஸ் மறுபடி க்ரைபைப் பிடித்துக் கொண்டார். பெக்கன்பவர் எவரையும் பின்தொடராமல், எல்லோருக்கும் பின்னால் நின்று, நிமிர்ந்த தலையுடன் ஆட்டத்தை நடத்தினார். ஜெர்மனி 2-1 கணக்கில் ஜயித்தது. காப்டன் என்ற முறையில் கோப்பையை வாங்கிக் கொண்டவர் பழைய நாலாம் நம்பர்தான்.

நம்முடைய வீடுகளிலும் காரியாலயங்களிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இப்படி நேருவதுண்டு. "இவனிடம் கொடுத்தால் தவறாமல் செய்வான்" என்று, யார் வேண்டுமானாலும் செய்யக் கூடிய வேலையையெல்லாம் அவர்கள் தலையில் கட்டிவிடுகிறோம். அவர்களும் தவறாமல் செய்கிறார்கள். அவர்களால் மட்டுமே செய்யக் கூடிய வேலை ஒன்று இருந்தது என்பது நமக்கு ஞாபகம் வருவதற்கு எட்டு வருஷம் ஆகிறது. ஷோனுக்காவது ஞாபகம் வந்தது.

2023-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி சார்ல்டன் தமது எண்பத்தாறாவது வயதில் காலமானார். மூன்று மாதம் நிறைவதற்குள், 2024-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி, பெக்கன்பவரும் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் கூடியவரையில் சுருக்கமாக மருமானுக்குச் சொன்னோம். சுருக்கமாகச் சொல்லும் வழக்கம் நமக்கில்லை என்பது வீட்டிலுள்ளவர்களின் அபிப்பிராயம். ஆனாலும் பையன் பொறுமையாகக் கேட்டுக் கொண்டான். கேட்டுவிட்டு, "முதலிலிருந்து போடுங்கள், மாமா" என்றான். போட்டோம். இரண்டு கையிலும் மோவாயை வைத்துக் கொண்டு உட்கார்ந்து விட்டான். பதினெட்டாவது நிமிஷம் வந்தது. மூர் ப்ரீகிக் அடித்தார். ஹர்ஸ்ட் தலையால் தள்ளினார். மைதானம் முழுதும் எழுந்து நின்று கூச்சலிட்டது. நம் மருமான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்து, "என்ன மாமா, கோலா விழுந்தது?" என்று கேட்டான்.